இடது பின்மூலையில் மாமியார்

ஏரியில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் அண்ணி. அந்த ஒருத்தி அவள் கணவனின் தங்கை. மருந்துக்கடையில் வேலை, இரண்டு பிள்ளைகள், சனி ஞாயிறு ஆனால் வேக்போர்டு, அதாவது படகு இழுக்கப் பலகைமேல் நின்று அலை தாவும் விளையாட்டு. படகு கயிற்றை இழுக்கும்போது பலகைமேல் முழங்காலை மடக்கிக் குந்தி எழுவாள் என்பதால் கிளப்பில் அவளுக்குத் தவளை என்று பெயர். தண்ணீரில் மிதந்தபடி அவள் "அண்ணி, அண்ணி" என்று கத்திக் கத்தியே, படகு ஓட்டுகிறவளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அண்ணி கிளப்பில் படகோட்டி ஆவதற்கு முன்பு ஆறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பேருந்தில் முன்னால் பார்த்து ஓட்டினால் போதும், இங்கே பின்னால் பார்க்கவும் தெரிய வேண்டும். படகு கிழித்துக்கொண்டு போன தண்ணீரில் இரண்டு பக்கமும் இரண்டு அலைகள் விரியும். பலகையில் வருகிறவர் ஓர் அலைமேல் ஏறி எம்பி, நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தாண்டி, மறு அலையின் சரிவில் இறங்க வேண்டும். அலை குள்ளமாக இருந்தால் எந்தக் கொம்பனாலும் தாண்ட முடியாது.

அலையை வளர்ப்பது பாரம். படகின் தரைக்குக் கீழே மூன்று தொட்டிகள்: மூக்கில் ஒன்று, பின்னால் இடமும் வலமுமாக இரண்டு. பம்பைப் போட்டால் ஏரித் தண்ணீரே உள்ளே ஏறும். பின்பக்கம் கனத்தால் அலை சுவர் மாதிரி செங்குத்தாக எழும். மூக்கிலும் கொஞ்சம் ஏற்றினால் அதே அலை நீண்டு சரிவாகும். ஒரு பக்கம் பாரம் கூடினால் மறுபக்க அலை உருவம் இல்லாமல் நுரைத்துப் போகும். எந்தத் தொட்டியில் எவ்வளவு என்று அண்ணி திரையைப் பார்க்காமலே, உட்கார்ந்த இடத்தின் சாய்விலேயே சொல்லிவிடுவாள்.

போட்டியன்று காலை ஆண்கள் சுற்று மூன்று தொட்டியும் நிரம்ப நடந்தது. மதியம் பெண்கள் சுற்றுக்காக அண்ணி படகைத் துறைக்குக் கொண்டுவந்தபோது கிளப் மேலாளர் ஏறி வந்து, தொட்டித் தண்ணீரை வெளியேற்றினார். கால்வாசி மிஞ்சியதும் திரையை ரகசிய எண் போட்டுப் பூட்டினார்.

"என்ன சார் இது?"

"லேடீஸ் ரவுண்டுக்கு இவ்வளவு போதும். சின்ன அலைன்னா பார்க்கவும் அழகா இருக்கும். போன வருஷம் ஒரு பொண்ணுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு, ஞாபகம் இருக்கா?"

"ஆம்பளைங்க ரெண்டு பேருக்குத் தோள்பட்டையே கழண்டுச்சு. அவங்க தொட்டியை யாரும் காலி பண்ணலையே?"

"உங்க வேலை ஓட்டறது. ஓட்டுங்க."

துறையில் ஏழு பெண்கள் பலகையும் கையுமாக நின்றிருந்தார்கள். முதல் சீட்டு தவளைக்கு விழுந்திருந்தது. எட்டு மாதமாக ஒரே ஒரு தாவலுக்காகத் தண்ணீர் குடித்திருந்தாள்: அலைக்கு அலை, நடுவில் ஒரு முழுச் சுற்று.

"அண்ணி, இந்த அலையில நான் தாண்ட முடியாது. பள்ளத்துலதான் விழுவேன்," என்றாள். "பேசாம பேரை எடுத்துடவா?"

"பேரை எடுப்பியா? வாயை மூடிட்டு நில்லு."

ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு தகடு அறைந்திருந்தது. தொட்டிகள் நிரம்பியிருக்கும்போதே பதினான்கு பேர் வரை ஏறலாம் என்று அதில் பொறித்திருந்தது. அண்ணி அதை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு துறையை நோக்கிக் கத்தினாள்.

"தண்ணியைத்தானே பூட்டினாங்க? மனுஷங்களுக்கு எடை இல்லையா? உயிர்காப்புச் சட்டையை மாட்டிட்டு எல்லாரும் ஏறுங்க!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது பல் டாக்டருக்குத்தான். அவளும் போட்டியாளர், போன வருடம் தவளையைத் தோற்கடித்தவள். சிரித்துக்கொண்டே படகுக்குள் காலை வைத்தாள். அவள் பின்னால் மற்ற ஐந்து பேரும் ஏறினார்கள்.

இன்னும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. மகள் விழுவதைப் பார்க்கவே வந்தவள் மாதிரி, மாமியார் மடக்கு நாற்காலியில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். "கல்யாணம் ஆனவளுக்குத் தவளை வேஷம் எதுக்கு?" என்று காலையிலிருந்து ஒன்பது தடவை கேட்டாயிற்று.

"அத்தை, வாங்க. உங்க எடை எவ்வளவு?"

"அதை உன் மாமனார்கிட்டயே நான் சொன்னதில்லை. ஊர் நடுவுல கேக்குறியே!"

"இங்க கனமா இருக்கறவங்களுக்குத்தான் மரியாதை."

மாமியார் மேலாளரைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தோரணை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஃபிளாஸ்க்கை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். "எண்பத்தொம்பது," என்று உரக்கச் சொல்லிவிட்டு ஏறினாள். படகு ஒரு தடவை முனகி அடங்கியது.

மேலாளர் ஓடிவந்தார். "நடுவர் சார், இது எந்த ரூல்?"

படகில் உட்கார்ந்திருந்த நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையேட்டைப் புரட்டினார். நிதானமான மனிதர். "தொட்டியைப் பத்தி நிர்வாகம் முடிவு பண்ணலாம்னு இருக்கு. ஆளுங்களைப் பத்தி, தகட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு மட்டும்தான் இருக்கு." தலைகளை விரலால் எண்ணினார். "என்னையும் சேர்த்து ஒன்பது. எனக்கு ஆட்சேபணை இல்லை."

"அண்ணி, இறக்கி விடுங்க. இல்லைன்னா இன்னைக்கே உங்களை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்."

"தூக்குங்க சார். இப்ப படகு ரொம்பக் கனம், பார்த்துத் தூக்குங்க."

தவளை பலகையோடு தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்ததும் படகு கிளம்பியது. அண்ணி வேகத்தை மணிக்கு முப்பத்துநாலு கிலோமீட்டரில் நிறுத்திப் பின்கண்ணாடியைப் பார்த்தாள். வலது அலை திரண்டு வந்தது. இடது அலை சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. அவளும் நடுவரும் வலப்பக்கம் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

"அத்தை, இடது பின்மூலைக்கு நகருங்க!"

"நகர்ந்தா விழுந்துட மாட்டேனா?"

"உக்காந்தபடியே நகருங்க!"

மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி, இருக்கையிலேயே ஊர்ந்து மூலைக்குப் போனாள். நுரை அடங்கியது. இடது அலை முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுந்தது.

தவளை கயிற்றை இழுத்து ஓரத்துக்குப் போய், வளைந்து திரும்பி வந்தாள். ஏறினாள். அலை அவளை உந்தவில்லை, எற்றியது. நேராக வானத்துக்குப் போனவள் சுற்றி முடிப்பதற்குள் முகம் குப்புற விழுந்தாள். மேலாளர் துறையிலிருந்து கையை விரித்துக் காட்டினார்.

அண்ணி படகைத் திருப்பிக்கொண்டு வந்து தவளைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தவளையின் மூக்கிலிருந்து ரத்தம் கசிந்தது.

"இன்னொரு தடவை விழுந்தா முடிஞ்சது அண்ணி."

"தப்பு உன்மேல இல்லை. அலை செங்குத்தா இருக்கு, பின்னால கனம் ஜாஸ்தி. டாக்டர், நீங்களும் பக்கத்துல இருக்கறவங்களும் மூக்குப் பக்கம் போங்க."

பல் டாக்டர் எழுந்தாள். "எனக்குப் போட்டியா வர்றவளுக்கு நானே அலை கட்டிக் குடுக்கறேன் பாருங்க," என்றாள். ஆனால் போய் உட்கார்ந்தாள். போகும்போது குனிந்து தவளையிடம், "மூக்கு உடையலை, வெறும் கீறல். இந்தத் தடவை தாவு," என்றாள்.

இரண்டாம் முறை அலை வேறு மாதிரி இருந்தது. உயரம் ஒரு சாண் குறைந்திருக்கலாம். ஆனால் அடியிலிருந்து உச்சிவரை ஒரே சீராக, வழுவழுவென்று ஏறியது. தவளை அவசரப்படாமல் வந்தாள். உச்சியில் முழங்காலை நிமிர்த்தினாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். பலகை பள்ளத்துக்கு மேலே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அந்தப் பக்கத்துச் சரிவில் தொப்பென்று இறங்கியது. தவளையின் ஒரு கை தண்ணீரை உரசியது. தடுமாறினாள். நின்றாள்.

படகில் எழுந்த கூச்சலில் மாமியார் கண்ணைத் திறந்தாள். "என்ன ஆச்சு? விழுந்துட்டாளா?"

"நிக்கறா அத்தை! திரும்பிப் பாருங்க!"

மாமியார் பார்த்தாள். "கையை ஊனிட்டாளே," என்றாள். அடுத்த நிமிடம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் தெறித்துவிட்டது என்றாள்.

அடுத்த ஆறு பேருக்கும் அலை தயாராக இருந்தது. ஒருத்தி தண்ணீரில் இறங்கினால் நனைந்த இன்னொருத்தி அவள் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். மாமியார் மட்டும் மூலையை விட்டு அசையவில்லை. முதல் பரிசு பல் டாக்டருக்கு. தவளை மூன்றாவது, ஒரு கை நனைந்ததற்காக.

மாலையில் மேலாளர் சொன்னதைச் செய்தார். அண்ணி சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். வீட்டில் கணவன், "ஒரு வார்த்தை பணிஞ்சு போயிருக்கலாம்ல?" என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் மாமியார் உள்ளேயிருந்து, "நீ சும்மா இருடா!" என்றாள்.

அண்ணி மறுபடி பேருந்து ஓட்டப் போனாள். கோபம் ஆறவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் மேலாளரிடம் சொல்லாமல் விட்ட பதில்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதற்குள் ஏழு பெண்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நிர்வாகக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பாரம், இல்லையென்றால் எங்கள் பெயர் எந்தப் போட்டியிலும் இல்லை. மூன்று வாரம் குழு முனகிப் பார்த்தது. நாலாவது வாரம் விதி மாறியது.

மேலாளர் போன் செய்தார். "நீங்க வரலாம். சம்பிரதாயத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் குடுத்துடுங்க."

"என்ன தப்புக்குன்னு நீங்க எழுதிக் குடுங்க சார். படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு சொல்றேன்."

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். கடிதப் பேச்சை எடுக்கவே இல்லை. "சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க," என்றார்.

"ஏழு மணிக்கு வர்றேன்," என்று சொல்லி அண்ணி போனை வைத்தாள்.