மூன்றாவது சீசா

எலியின் பின்னங்காலில் நூலைச் சுற்றி, அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்தாள் மொரோமொக்கே. மூன்று மணி நேரத்துக்கு முன் இருந்ததைவிட எட்டு மில்லிமீட்டர் அதிகம்.

அடுத்த எலி. அதே வீக்கம். அதற்கடுத்ததும் அதேதான்.

வீக்கத்தை உண்டாக்கும் ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே இந்த எலிகளுக்கெல்லாம் மஞ்சள் நிற மரப்பட்டைச் சாற்றைப் புகட்டியிருந்தாள். ஜனவரியில் இதே சாறு வீக்கத்தைப் பாதிக்கு மேல் அமுக்கியது. இன்றோ, வெறும் தண்ணீர் குடித்த எலிக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே இல்லை.

"ஜனவரியில என்ன கலந்தே?"

திரும்பினாள். பேராசிரியர் அடெக்பென்ரோ அவளுடைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நான் எதுவும் கலக்கல."

"இது காட்டுல நீயே உரிச்ச பட்டை. வேலை செய்யல. அது போடே சந்தையில வாங்கின பட்டை. பிரமாதமா வேலை செஞ்சுது. மாத்திரையைப் பொடி பண்ணிப் போட்டது நீயா, விக்கிறவளா?"

"ரெண்டு பேருமே இல்ல சார்."

"வெள்ளிக்கிழமை காலையில என் கண்ணு முன்னால பண்ணிக் காட்டு. இல்லேன்னா அன்னிக்கே விசாரணைக் குழுவுக்குக் கடிதம் போயிடும்."

விசாரணைக் குழு என்றால் ஐந்து வருட ஆராய்ச்சி குப்பைக்கு. கூடவே அவள் பெயரும். இன்று புதன்.

இபாடான் நகரத்து நெரிசலில் பைக் டாக்சிக்காரனின் முதுகைத் தட்டித் தட்டி விரட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாள். மூலிகைக் கடையில் கனியாத் சாவகாசமாக அகாரா வடை தின்றுகொண்டிருந்தாள். ஆரம்பப் பள்ளியில் ஒரே பெஞ்ச். இன்றைக்கும் வாய் மட்டும் அடங்கவில்லை.

"வாங்க டாக்டரம்மா! எலியெல்லாம் சௌக்கியமா?"

"கனியாத், உண்மையைச் சொல்லு. பட்டையில மாத்திரை கலக்குறியா?"

அகாரா பாதி வழியில் நின்றது.

"என்னடி கேட்டே?"

"கலந்திருந்தா இப்பவே சொல்லிடு. விசாரணை வந்தா ஆபீசருங்க உன் கடைக்கும் வருவாங்க. சட்டி பானை வரைக்கும் கிளறுவாங்க. சீல் வச்சிடுவாங்க."

"வரட்டும்! மாத்திரை வாங்க வசதி இருந்தா நான் எதுக்குடி வெயில்ல பட்டை காய வைக்கிறேன்?" கனியாத் எழுந்தே விட்டாள். பக்கத்துக் கடைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். "உன் பட்டை கேக்கலேன்னா எதுல ஊறப்போட்டேன்னு முதல்ல சொல்லு."

"காய்ச்சி வடிச்ச சுத்தமான தண்ணியில."

கனியாத் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கைகொட்டினாள். "கேட்டீங்களா அநியாயத்தை? பச்சைத் தண்ணியில ஊறப்போட்டாளாம்! ஏண்டி, உங்கம்மா எதுல ஊறப்போடுவாங்க?"

மொரோமொக்கே நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

ஓகித் தண்ணீர். சோளத்தை ஊறவைத்து அரைத்து வடிகட்டினால், கஞ்சிமாவுக்கு மேலே தெளிந்து நிற்குமே, அந்தப் புளித்த தண்ணீர். எந்த வீட்டில் பட்டை ஊறினாலும் அதில்தான் ஊறும். ரொம்பத் தெரிந்த விஷயம். அதனாலேயே அவள் அதை எழுதவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை.

"ஆனா நான் உங்கிட்ட வாங்கினது காஞ்ச பட்டையாச்சே?"

"ஆபீஸ் போறவங்க வீட்டுல ஓகிப் பானை ஏது? நானே ஒரு ராத்திரி ஊறவச்சு, அந்தத் தண்ணி பட்டையிலேயே சுண்டுற மாதிரி காய வச்சுக் குடுக்குறேன்."

மொரோமொக்கே கேனை நீட்டினாள். "ஊத்து. சீக்கிரம்!"

வியாழன் முழுக்கக் காட்டுப் பட்டை அந்தத் தண்ணீரில் ஊறியது. அவளால் உட்கார முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒருவேளை பட்டையில் ஒன்றுமே இல்லாமல், புளித்த தண்ணீர்தான் எல்லாம் செய்ததோ? அப்படியானால் மாத்திரைப் பழி போகும். ஐந்து வருடமும் போகும்.

அதையும் சோதிக்காமல் விட்டால் பேராசிரியருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியுமே.

வெள்ளி காலை மூன்று சீசாக்களை மேஜையில் வைத்தாள். தண்ணீரில் ஊறிய பட்டை. ஓகித் தண்ணீரில் ஊறிய பட்டை. வெறும் ஓகித் தண்ணீர்.

பேராசிரியர் மூன்றாவதைத் தொட்டுப் பார்த்தார். "இதை நான் கேக்கலையே?"

"நான் கேக்குறேன் சார்."

அவர் அவளை வெளியே அனுப்பிவிட்டு, சீசாக்களை மாற்றி வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டினார். எதில் எது என்று மூன்று சீட்டுகளில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சீசாவுக்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு ஐந்து எலி. புகட்டியாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து ஊசி.

ஊசி போட்டு மூன்று மணி நேரம் ஆயிற்று. நூலை எடுத்தாள்.

முதல் கூண்டு, வீக்கம். இரண்டாவது கூண்டு, அதே வீக்கம்.

மூன்றாவது கூண்டு. நூல் குட்டையாக நின்றது. இரண்டு மில்லிமீட்டர்தான் அதிகம். அடுத்த எலி, மூன்று. மறுபடி இரண்டு.

பேராசிரியரே நூலை வாங்கி அளந்தார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டார். மூன்றாம் எண் சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"பட்டை. ஓகித் தண்ணியில."

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். விசாரணைக் குழுவுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை அவர் இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவர் வழக்கமில்லை.

"திங்கட்கிழமை திரும்பப் பண்ணு. அதே தண்ணியில. எந்தச் சோளம், எத்தனை நாள் புளிச்சுது, எந்தப் பானை, எல்லாம் எழுதணும்."

எந்தப் பானை! புளிப்பின் வித்தே பானைச் சுவரில்தானே ஒட்டியிருக்கும்.

போனை எடுத்தாள். நாலாவது தடவை மணியடித்ததும் கனியாத்தின் குரல் மூச்சு வாங்கியது.

"என்னடி, தப்பிச்சியா?"

"தப்பிச்சேன். கனியாத், உன் ஓகிப் பானை. அதை எத்தனை வருஷமா கழுவல?"

"தண்ணி விட்டு அலசுறதோட சரி. சோப்பு போட்டதே இல்ல. போட்டா புளிப்பு வராது."

"இப்பவும் போட்டுடாதே. தொடவே தொடாதே!"

அந்தப் பக்கம் எதுவோ பொத்தென்று தண்ணீரில் விழுந்தது.

"ஆபீசருங்க வந்து பானை வரைக்கும் கிளறுவாங்கன்னு பயமுறுத்தினது யாருடி?"

"கனியாத்! சோப்பு போட்டுத் தேய்ச்சிட்டியா?"

"பாதி."

"அப்படியே எந்திரி. கையைக்கூட உதறாதே. நான் வர்றேன்!"