மிச்சக் கிலோமீட்டர்

வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயர் பூட்டு. பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்கு முழுக்க அவர் பொறுப்பில்தான் இருந்தது. பல்பு வேண்டுமா, ஃப்யூஸ் போன பல்பைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கையுறை வேண்டுமா, கிழிந்த கையுறையைக் காட்ட வேண்டும். "அண்ணே, விரலு வெளிய தெரியுது பாருங்க" என்று மெக்கானிக் கையை நீட்டினால், "ஒரு விரலுதானே தெரியுது? மிச்சம் நாலும் உள்ளதானே இருக்கு?" என்பார். மெக்கானிக்குகள் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள். மனுஷன் ஒரு போல்ட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனது கிடையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: எடுத்துக் கொடுக்காதது எல்லாம் அலமாரியில் இருக்கும். இந்த வருடம் மிஞ்சியது அடுத்த வருடக் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரும்புக்கு அது சரி.

அவருடைய மனைவி வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜன்னல் திரை தைப்பவள். கிடங்கில் அவர் எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு தாராளம் இவளிடம். திரை தைக்கக் கொடுத்தால் மிஞ்சிய துணியில் ஒரு தலையணை உறையும் தைத்து, காசு வாங்காமல் கொடுத்துவிடுவாள். இருபது வருடம் மிஷினில் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு நிறுத்தத்துக்குள் முகம் வெளுத்துவிடும். அதனால் பல வருடமாக அவள் தன் அக்காவைப் பார்க்கவில்லை. அக்கா இருப்பது தூரத்து ஊரில், இரண்டு பஸ் மாற வேண்டும். அக்காவுக்கும் முழங்கால் போய், நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாட்டம். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தங்கைக்குத் தலை சீவிவிட்டு வளர்த்தவள் அந்த அக்காதான். இரண்டு பேரும் தினம் போனில் பேசிக்கொள்வார்கள், பேசி முடிக்கும்போது தினம் ஒரே சண்டை: "நீ வாடி." "நீ வாயேன்."

கார் எடுக்கலாம் என்ற பேச்சு வந்தது அதற்காகத்தான். இதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

வாங்குகிற அளவுக்குக் கையில் வசதியில்லை. லீஸ் என்று ஒன்று இருக்கிறது, மாதாமாதம் கட்டினால் போதும் என்று டிப்போவில் யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்து நின்றவரை ஒரு பெண் சிரித்த முகமாக உள்ளே அழைத்துப்போனாள்.

"வாடகை மாதிரின்னு வெச்சுக்கோங்க சார். மூணு வருஷம் புது கார் ஓட்டுங்க. அப்புறம் திருப்பிக் குடுத்துடுங்க. சர்வீஸ் எல்லாம் நாங்களே பாத்துக்கறோம். ரெண்டே விஷயம். வண்டி அடிபடக் கூடாது, வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓடக் கூடாது."

"மேல ஓடுனா?"

"கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கட்டணும் சார்."

"கொஞ்சம்தான் மேல போச்சுன்னா?"

"கொஞ்சத்துக்குக் கொஞ்சம் கட்டணும்."

கூடினால் என்ன என்று மூன்று விதமாகக் கேட்டார். குறைந்தால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றினால்தானே? குறைந்தால் மிச்சம், மிச்சம் என்றால் அலமாரியில் இருக்கும். அவருடைய உலகத்தில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

மனைவிக்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. அவள் ஒவ்வொரு காராக ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று உயரம், ஒன்று பள்ளம். கடைசியில் ஒரு சிவப்புக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. இடுப்புக்குக் கை கொடுத்துத் தாங்கினாற்போல் இருந்ததாம். அங்கேயே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு சீட்டு கெடச்சிருச்சுக்கா. இதுல உக்காந்தா உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துடுவேன். செவப்பு காரு. செவப்பா ஒண்ணு வந்து நின்னா நான்தான்னு வெச்சுக்கோ."

அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னாளோ, இவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஷோரூம் பெண்ணும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

கார் வீட்டுக்கு வந்த நாள் அவர்கள் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்று. ஷோரூமில் இருவரையும் காருக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். தெருவில் திரும்பும்போது, "அப்படியே நேரா அக்கா வீட்டுக்கு விடுங்க" என்றாள். "மாத்துத் துணிகூட எடுக்கலையேம்மா" என்று அவர் சிரித்தார். மறுநாளே அவள் திரைத் துணியில் நீலப்பூ போட்ட ஒரு சீட் உறை தைத்தாள், தன்னுடைய சீட்டுக்கு மட்டும். "திருப்பிக் குடுக்கும்போது கழட்டிக்கலாம். அதுவரைக்கும் இது என் எடம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் பூட்டு தன் வேலையைக் காட்டினார்.

கார் வாசலில் உறை போர்த்திக்கொண்டு தூங்கும், அவர் வழக்கம்போல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டிப்போவுக்குப் போவார். காய்கறிக்கு நடை. ஒரு தடவை சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி இடித்துக் கதவில் நகத்தளவு கீறல் விழுந்தது, அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் கார் எடுப்பார். கிளம்பும்போது ஓடிய தூரத்தைப் பார்ப்பார், வந்து நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்பார். "காரு மேல கண்ணு, கட்டுன பொண்டாட்டி மேல இல்ல" என்று அவள் கேலி செய்வாள். கேலி செய்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தது.

முதல் வருடம் கேட்டாள். "போக வர எழுநூறு கிலோமீட்டரைத் தாண்டும்மா. இப்பதானே எடுத்திருக்கோம். ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ ஆகும்னு தெரியாது. வருஷக் கடைசில பாப்போம்" என்றார். வருடக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. "மழைல எதுக்கு? மிச்சம் எங்கயும் போயிடாது" என்றார்.

இரண்டாவது வருடம் கேட்டபோது அவள் குரலில் கேலி இல்லை.

"கிலோமீட்டர என்ன ஊறுகாயா போடப் போறீங்க?"

"அடேயப்பா, கோவத்தப் பாரு. நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்? சேத்து வெச்சு, கடைசி வருஷம் லீவு போட்டு, அக்காவையும் ஏத்திக்கிட்டு நாலு எடம் சுத்திட்டு வரலாம்னு பாக்கறேன். சும்மா போயிட்டு சும்மா வர்றதுக்கா?"

"எனக்கு நாலு எடம் வேண்டாங்க. அக்கா எடம் போதும்."

அவருக்கு அது பதிலாகவே படவில்லை. கையில் இருப்பதைச் சிறுகச் சிறுகச் செலவழித்துவிட்டுப் பிறகு கையைப் பிசைகிறவர்களை அவர் கிடங்கு ஜன்னல் வழியாக எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! தான் அவளுக்காகத்தான் சேர்க்கிறோம் என்று மனதார நம்பினார். கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அக்காவோ அங்கே எதிர்வீட்டுக்காரி, பால்காரர் என்று ஒருத்தரை விடாமல் சொல்லிவைத்திருந்தாள். செவப்பா கார் போனால் ஜன்னலுக்கு வருவாளாம். "ஊர்ல இத்தனை செவப்பு காரு இருக்கறது இப்பதான்டி எனக்குத் தெரியுது" என்று போனில் சொல்வாள். தங்கை அதைக் கணவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது வருடம் இடுப்பு வலி வேறு மாதிரி ஆனது. மிஷினால் வந்த வலி இல்லையாம். வேறெங்கோ முளைத்த கட்டி எலும்புக்குள் இறங்கியிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை, டாக்டரின் முகம் புரிந்தது. வெளியே வந்து காரில் அவளை உட்காரவைத்ததும் சொன்னார்:

"நாளைக்குக் காலைல அக்கா வீட்டுக்குப் போறோம்."

அவள் நீலப்பூ உறையைத் தடவிக்கொண்டாள். "டாக்டரைக் கேட்டீங்களா?" என்றாள்.

திரும்ப உள்ளே ஓடினார். டாக்டர் தலையை ஆட்டினார். எலும்பு ஒரு குலுங்கலுக்குத் தாங்காது, வீட்டுக்கு ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்கு வீடு, அதற்கு மேல் கூடாது என்றார். அவர் வெளியே வந்து காரில் ஏறி, சாவியைத் திருகாமல் அப்படியே உட்கார்ந்தார்.

"இன்னும் எவ்ளோங்க மிச்சம்?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நெறைய இருக்கும்மா."

"சரி, விடுங்க. வீட்டுக்குப் போலாம். பாத்து ஓட்டுங்க."

அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. கடைசியாக வீட்டிலிருந்து போனதும் ஆம்புலன்ஸில்தான். அந்தப் பயணம்கூட இந்தக் காரின் கணக்கில் ஏறவில்லை. அக்காவால் வர முடியவில்லை. யாரோ போனை அவர் காதில் வைத்துப் பிடித்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அழுகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

லீஸ் முடிய ஒரு வாரம் இருக்கும்போது காரைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். வாசலில் அது நிற்பதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அதே பெண்தான் இருந்தாள். காரைச் சுற்றி வந்து, கதவின் கீறலை விரலால் தடவி, "இதெல்லாம் ஒரு கீறலா சார், விடுங்க" என்றாள். உள்ளே எட்டி ஓடிய தூரத்தைப் பார்த்தவள் வாயைப் பிளந்தாள்.

"சார், என்ன சார் இது! எல்லாரும் மேல ஓட்டிட்டு வந்து என்கிட்ட சண்ட போடுவாங்க. நீங்க பாதிகூட ஓட்டலையே! புதுசு மாதிரியே வெச்சிருக்கீங்க. மேடம் எங்க? செவப்புதான் வேணும்னாங்களே, வரலையா?"

அவர் சொன்னார். அந்தப் பெண்ணின் கை காரின் கதவிலேயே நின்றுவிட்டது.

பிறகு அவர்தான் கேட்டார். "மிச்சம் இருக்கே, அது என்னாகும்மா?"

"எது சார்?"

"ஓட்டாத கிலோமீட்டர். அடுத்த வருஷத்துக்கு... வேற வண்டிக்கு மாத்திக் குடுப்பீங்களா?"

"இல்ல சார்." அவளுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "அது அப்படியே போயிடும் சார்."

"போயிடுமா?"

"ஆமா சார். ஓட்டுனாதான் உங்களுது."

அவர் கிடங்கில் எத்தனையோ தடவை பிறர் முகத்தில் பார்த்த முழியை அன்று அவர் முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை மறுபடி கையில் எடுத்தார். "இன்னும் ஒரு வாரம் இருக்கில்ல?" என்றார். "தாராளமா எடுத்துட்டுப் போங்க சார்" என்று அவளே கதவைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் காலை டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துச் சீட்டில் நீலப்பூ உறை மட்டும் வந்தது. சாலை நன்றாக இருந்தது. போட்டு உலுக்குகிற பள்ளம் என்று எதுவும் இல்லை, சண்டித்தனம் பண்ணும் வண்டி எதுவும் குறுக்கே வரவில்லை. ஏதாவது ஒன்று தடுத்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வழியெல்லாம் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினார்.

அக்காவின் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, ஜன்னலில் முகம் தெரிந்தது. முகம் மறைந்தது. உள்ளே வாக்கர் தரையில் தட்டுகிற சத்தம் வேகவேகமாக வந்தது. அவர் இறங்கி நின்றார். கதவைத் திறந்து வெளியே வந்த அக்கா அவரைப் பார்க்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் காரின் அந்தப் பக்கத்துக் கதவைப் பார்த்தாள். அது திறக்கும் என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு மெல்ல நடந்து வந்து, கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். "இது அவ தச்சதா?"

"ஆமாக்கா."

"ஓரத்தப் பாருங்க, ரெட்டைத் தையல் போட்டிருக்கா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வந்தவரை விசாரிக்க வேண்டும் என்ற நினைவு அப்போதுதான் வந்தது.

"எப்ப கெளம்புனீங்க தம்பி? ராத்திரியேவா?"

"இல்லக்கா. காலைலதான். டீ குடிச்சிட்டு."

அக்கா நிமிர்ந்து வெயிலைப் பார்த்தாள். உள்ளே அடுப்பில் அவளுடைய மத்தியானச் சாப்பாடு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், அவர் வந்த தெருவைப் பார்த்தாள்.

"அவ்ளோதானா தம்பி தூரம்?" என்றாள்.

அவர் கார்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"அவ்ளோதான்கா" என்றார்.