ஒன்றரை மில்லிமீட்டர்

எங்கள் வீட்டின் இரண்டாவது படுக்கையறையில் ஒரு விமானத்தின் மூக்கு இருக்கிறது. மணவாள நகரில் யாரிடம் துளசி என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் "ஏரோப்ளேன்காரர் ஊடா?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். காட்டிவிட்டுப் போகட்டும். எதிர்வீட்டுக்காரர் மொட்டைமாடியில் அறுபது புறா வளர்க்கிறார். எதற்கு என்று நான் போய்க் கேட்டேனா?

நாலு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏர்பஸ் 320-இன் விமானி அறை. பறக்காது. ஆனால் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் முன்னால் மூன்று திரைகளில் மீனம்பாக்கம் ஓடுபாதை விரியும். இருக்கை, கைப்பிடி, தலைக்கு மேல் பட்டன்கள் அடர்ந்த பலகை, எல்லாம் அசல் அளவு. அளவுகளைச் சொன்னவர்கள் நிஜமான விமானிகள். வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது. என்னைப் போல வீட்டில் காக்பிட் கட்டுகிற பைத்தியங்கள் நாற்பது பேர், எங்கள் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளும் விமானிகள் மூன்று பேர். அந்த மூவரில் கேப்டன் கிரேஸ் ரொம்பக் கறார். ஒரு நெம்புகோலின் சாய்வு இரண்டு டிகிரி தப்பு என்று போட்டோவைப் பார்த்தே கண்டுபிடித்து, என்னைப் பிரித்து மறுபடி மாட்ட வைத்தவர்.

என் வேலை கும்மிடிப்பூண்டியில். கம்பி உருட்டுகிற மில்லில் கிரேன் ஆபரேட்டர், பத்தொன்பது வருட சர்வீஸ். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடுகிற பதினைந்து டன் கிரேன். அதன் வயிற்றில் தொங்கும் இரும்புக் கூண்டுதான் என் இடம். ஒரு முறை ஏறினால் மாற்று ஆள் வரும்வரை எட்டு மணி நேரம் இறங்க முடியாது. ஒன்றுக்குப் போகக்கூட பாட்டில்தான். கீழே உலை, மேலே தகரக் கூரை, நடுவில் நான்.

"அங்க ஒரு பொட்டி, இங்க ஒரு பொட்டி. நடுவுல கம்பெனி பஸ்ஸு, அதுவும் பொட்டி. மனுசன் எப்பதான் வெளிய வருவீங்க?" என்பாள் என் மனைவி குணசுந்தரி. அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பெட்டி மில்லின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மட்டும்தான் போகும். இந்தப் பெட்டி சிங்கப்பூர் வரைக்கும் போகும். இதை அவளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கேப்டன் கிரேஸ் நேரில் வந்தார். திருநின்றவூரில் அவர் தங்கை வீடு கட்டிக் குடிபுகுந்த விசேஷம், அப்படியே எட்டிப் பார்க்கிறேன் என்று போன் செய்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையிலிருந்து துடைத்த பட்டனையே துடைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான அம்மாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக அறைக்குள் வந்து, திரையிலிருந்து இருக்கை வரை ஒரு சுற்று பார்த்தார்.

"அய்யோ சார்," என்றார். "வேலைக்கு வந்த மாதிரியே இருக்கு."

நாலு வருட அலுப்பும் அந்த ஒரு வார்த்தையில் இறங்கிவிட்டது. குணசுந்தரி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

என்னை இடதுபக்க இருக்கையில் உட்காரச் சொன்னார். அது கேப்டன் இருக்கை. எங்கள் அறை ஒன்பதடி அகலம்தான் என்பதால் அந்த இருக்கை சுவரோடு ஒட்டியிருக்கும். வலதுபக்கம் உட்கார்ந்தவர் எழுந்து வழிவிட்டால்தான் இடதுபக்கத்துக்காரர் வெளியே வரலாம். வலதுபக்கம் அவர் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், தலைக்கு மேல் பலகையில் நிறுத்திக்கொண்டார்.

"எல்லாம் கரெக்ட். எழுத்து மட்டும் பெருசா இருக்கே?"

"இன்னா மேடம்?"

"நிஜத்துல மூணு மில்லிமீட்டர் வரும். இது நாலரை இருக்கும் போல. ரெண்டு டிகிரிக்கே பிரிச்சு மாட்டினவர் நீங்க. இதை எப்படி விட்டீங்க?"

"அம்பத்தூர்ல லேசர் கட்டிங் பண்ணவன் தப்பா அடிச்சுட்டான் மேடம்," என்றேன்.

அவன் தப்பாக அடிக்கவில்லை. நான்தான் பெரிதாக்கி அனுப்பினேன். மூன்று மில்லிமீட்டரில் முதலில் அடித்து வந்த பலகையை மாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தபோது எனக்கு வெள்ளைக் கோடுகள்தான் தெரிந்தன. என் கையால் செய்த பலகையை என்னால் படிக்க முடியவில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது. சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது என்று கண் டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. வலது கண்ணில் நடுவே ஒரு புகைத் திட்டு, இடது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம். போனது திரும்பி வராது, ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். நான் இரண்டாம் முறை அங்கே போகவே இல்லை. போனால் கண் சரியில்லை என்று சீட்டு எழுதுவார்கள். சீட்டு மில்லுக்குப் போகும்.

கிரேஸ் மேடம் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் கொடுத்தார். விமானிகள் ஒவ்வொரு கட்டத்திலும் சத்தமாகப் படித்துச் சரிபார்க்கிற பட்டியல், அசல். எனக்குப் பரிசாம். "இஞ்சின் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி உள்ளதைப் படிங்க, நான் பதில் சொல்றேன்," என்றார்.

படித்தேன். கணீர் என்று, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல். நாலு வருடமாக மனப்பாடமாக இருப்பதுதானே. அவரும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினால், அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், உங்க கையில இருக்கறது தரை இறங்கின பிறகு படிக்கற பக்கம்."

அட்டையை முகத்துக்கு அருகில் கொண்டுபோனேன். அப்போதும் தெரியவில்லை.

"பார்க்காமத்தான் சொன்னீங்க. மத்த பைலட்டுகளைப் பரிசோதிக்கறதுதான் சார் என் வேலை. எத்தனை நாளா இப்படி?"

வெளியே போய்விட வேண்டும்போல் இருந்தது. இடதுபக்கம் சுவர், வலதுபக்கம் அவர். நான் கட்டிய கூண்டு, நானே அளவெடுத்த இடுக்கு. ஏ.சி. காற்று முகத்தில் அடித்தும் வேர்த்து ஊற்றியது.

"கிரேன்ல எத்தனை டன் தூக்குவீங்க?"

"பதினஞ்சு."

"கீழ ஆள் இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடம், கொட்டகையில ஒவ்வொரு அடியும் எனக்கு அத்துப்படி. கண்ண மூடிக்கினு ஓட்டுவேன். கீழ சிக்னல் குடுக்கறவன் அன்பு. அவன் தோள அசைச்சாலே எனக்குப் புரியும். வருசா வருசம் கம்பெனியில கண்ணு பாக்கறாங்க, பாஸ் ஆயிக்கினுதான் கீறேன்."

பாஸ் ஆகிற விதத்தை அவரிடம் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே வரிசையில் நிற்போம். முன்னால் நிற்கிறவன் எழுத்துகளை உரக்கப் படிப்பான். ஐந்து பேர் படித்து முடிப்பதற்குள் ஆறாவது ஆளுக்கு அட்டை மனப்பாடம். நான் எப்போதும் எட்டாவதாக நிற்பேன்.

"என் கண்ணு இப்படி இருந்தா மறுநாள் நான் பறக்க மாட்டேன் சார்."

"ஒங்களுக்கு நாற்காலி போட்டு வேற வேல குடுப்பாங்க. எனக்கு கேட்டத் தொறந்து வுட்டு போன்னுவாங்க. பொண்ணு கடைசி வருசம் படிச்சிக்கினு கீது. நீங்க காக்பிட்டு பாக்க வந்தீங்க, பாத்துட்டீங்க."

இப்படிப் பேசியிருக்கக் கூடாது. வீடு தேடி வந்த பெண்ணிடம், அதுவும் நாலு வருடம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவரிடம். அவர் எழுந்து எனக்கு வழிவிட்டார். குணசுந்தரி கொடுத்த காபியை முழுதாகக் குடித்தார். கேட் அருகில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. ஆனா இனிமே உங்ககிட்ட யாரும் சொல்லலைன்னு மட்டும் நீங்க சொல்ல முடியாது," என்றார்.

அன்று சாயங்காலம் முழுக்க நான் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். குணசுந்தரி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "அந்தம்மா இன்னா சொல்லிட்டுப் போனாங்க?"

"எழுத்து பெருசா கீதாம்."

அவள் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள். "பூமிகா காலையில போட்டோ அனுப்புனா. நல்லா கீதுன்னு நீங்க பதில் போட்டீங்க. அவ மூக்கு குத்திக்கினு கீறா. ஒரு வார்த்த கேக்கலியேன்னு எனக்கு போன் பண்ணி அழுவுறா."

எங்கள் ஒரே மகள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். போனை எடுத்து அந்தப் படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன். முகமே திரை கொள்ளாத அளவுக்கு வந்த பிறகு, ஒரு வெள்ளைப் புள்ளி இருப்பது போலத் தெரிந்தது. இல்லாதது போலவும் தெரிந்தது. குணசுந்தரிக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை ஷிப்ட். கிரேனில் ஏறி, கைப்பிடிகளைச் சோதித்துவிட்டுக் கீழே பார்த்தேன். வழக்கமான இடத்தில் அன்பு இல்லை. வேறு ஒரு மஞ்சள் ஹெல்மெட் நின்றது. வாக்கி டாக்கியைத் தட்டினேன்.

"அன்பு பெரியபாளையம் போய்க்கீறாரு நைனா, கொழந்திக்கி மொட்ட," என்றது குரல். ஆரம்பாக்கத்துக்காரன் முனிகிருஷ்ணன். வண்டிகளை அனுப்புகிற பகுதியில் இருப்பவன், அன்று மட்டும் சிக்னலுக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் மில்லில் தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாம் கை ஜாடைதான். இரைச்சலில் வாக்கி டாக்கி மற்ற பேச்சுக்கு மட்டும்.

முதல் இரண்டு லோடு எப்படியோ போனது. மூன்றாவது எட்டு டன் கம்பிக் கட்டு. டிரெய்லர் மேல் இறக்க வேண்டும். கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து டிரெய்லருக்கு மேல் நிறுத்தினேன். முனிகிருஷ்ணன் கையை உயர்த்தியிருந்தான். அது மட்டும் தெரிந்தது. மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. விரலைக் கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. அன்பு முழங்கை வரை ஆட்டுவான். இவன் விரலை மட்டும் ஆட்டுகிறவன். ஆட்டுகிறானா, மூடி வைத்திருக்கிறானா?

இறக்கும் கைப்பிடியில் என் கை இருந்தது. இறக்கு என்றுதான் காட்டுகிறான், வேறு என்ன காட்டப் போகிறான் என்று மனம் சொன்னது. ஒரு அடி இறக்கினேன். அப்போது டிரெய்லரின் நடுவில் ஏதோ அசைந்தது. கம்பிக்கு அடியில் மரக்கட்டை வைக்கிற ஆள் இன்னும் அங்கேதான் குனிந்திருந்தான். நிறுத்தினேன். அவன் நகர்ந்துவிட்டானா, அங்கேயே இருக்கிறானா, அது ஆளா, இல்லை சுருட்டிப்போட்ட தார்ப்பாயா? எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் அந்த இடத்தில் புகைத் திட்டுதான் வந்து நின்றது.

இறக்க முடியாது. திரும்பத் தூக்கிக்கொண்டு நகரலாம் என்றால் எந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தொங்கும் சுமையை விட்டுவிட்டுக் கூண்டிலிருந்து இறங்குவது அதைவிடப் பெரிய குற்றம். எட்டு டன்னும் நானும் ஒரே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தோம். கீழே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். "இன்னா நைனா, தூங்கிட்டியா?" என்றான் முனிகிருஷ்ணன்.

வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தினேன். அந்த அலைவரிசையில் பக்கத்து கிரேன்காரன் இருக்கிறான், எடைமேடை இருக்கிறது, ஷிப்ட் இன்சார்ஜ் விமல் இருக்கிறார். சொன்னால் அத்தனை பேரும் கேட்பார்கள். பூமிகாவின் கடைசி வருடம் ஒரு நொடி வந்து போனது.

"முனி, எனக்கு ஒன் கை தெரியலப்பா."

"லைட்டு பத்தலியா?"

"லைட்டு நல்லாத்தான் கீது. எனக்குத்தான் கண்ணு தெரியல."

ஹாரன் சத்தம்கூட அடங்கியது போல இருந்தது.  பிறகு முனிகிருஷ்ணனின் குரல் வந்தது, நக்கல் எல்லாம் போய், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. "சரி நைனா. கைப்பிடிய வுடாத. கட்டைக்காரன் வண்டி மேல கீறான், அவன எறக்குறேன். நான் வாயால சொல்றேன், நீ செய்யி."

ஆள் இறங்கியதைச் சொன்னான். வண்டி காலி என்பதை இரண்டு முறை சொன்னான். அதன் பிறகு, "கீழ... கீழ... மெதுவா... நில்லு. ஒரு சாண் கீழ," என்று அவன் சொல்லச் சொல்ல நான் இறக்கினேன். கம்பிக் கட்டு மரத்தில் உட்கார்ந்த அதிர்வு கயிறு வழியாக ஏறி வந்து என் உள்ளங்கையில் தெரிந்தது.

"துளசி அண்ணா," என்றார் விமல். அவருக்கு முப்பது வயதுதான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "மெயின் ஆஃப் பண்ணிட்டு எறங்கி வந்துடுங்கண்ணா."

ஏணிப்படியைக் காலால் தடவித் தடவி இறங்கினேன். கடைசிப் படியில் ஒரு கை வந்து என் முழங்கையைப் பிடித்தது. அந்தக் கட்டை வைக்கிற ஆள்தான். மேலிருந்து பார்க்கும்போது அவன் எனக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட், அவ்வளவுதான். இரண்டு வருடமாக அவன் தலைக்கு மேல்தான் கம்பி கொண்டுபோயிருக்கிறேன். இப்போது இவ்வளவு கிட்டத்தில் முகம் தெரிந்தது. என் வயதிருக்கும். மீசையில் நரை, நெற்றியில் வேர்வையில் கரைந்த குங்குமம்.

"ஒண்ணும் ஆவலியேண்ணா?" என்று என்னைக் கேட்டான்.

 அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.