அன்னம் வைத்த கார்

படம் பாதி தண்ணீர் குடித்திருந்தது. மாப்பிள்ளையின் தோளும் பெண்ணின் மாலையும் ஒன்றோடொன்று கரைந்துபோயிருந்தன. அவர்கள் உட்கார்ந்திருந்த கார் மட்டும் அச்சு அசலாக அப்படியே இருந்தது.

"போன ஐப்பசி மழையில பீரோவுக்குள்ளயே தண்ணி பூந்துடுச்சுங்க. ஆல்பத்துல தப்பிச்சது இது ஒண்ணுதான்" என்றாள் உண்ணாமலை. ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறி, படத்தைத் துணிக்கடைப் பையில் சுற்றிக்கொண்டு அரியலூர் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தாள். "கல்யாணமாகிப் பத்து வருசம் ஆவப்போவுது. பெருசு பண்ணி மாட்டணும்."

"தேவயானிகிட்ட குடுத்துட்டீங்கல்ல, செத்தவங்களையே கண்ணு முழிக்க வெச்சிடும்" என்றார் முதலாளி முத்துவேல், கம்ப்யூட்டரில் படம் திருத்தும் பெண்ணைக் காட்டி.

"இன்னொண்ணுங்க. கீழ இந்தக் காரோட பேரைப் போடணும். எங்க வூட்டுக்காரரு பிளைமவுத்துங்கறாரு. என் தம்பி செவர்லேங்கறான். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. முன்னாடி ஒரு பறவை நிக்குது பாருங்க, போன்ல தேடித் தேடிப் பார்த்தோம். இந்தப் பறவையைப் போட்ட கம்பெனி ஒண்ணுமே இல்ல."

முத்துவேல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். "வெள்ளைக்காரன் ஊரு வாத்தா இருக்கும்."

அது வாத்து இல்லை. குத்துவிளக்கின் உச்சியில் இருக்கும் அன்னம். தேவயானி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

அவளுடைய அப்பா வீரமுத்து குரும்பலூரில் ஒரு பழைய டாட்ஜ் கார் வைத்திருந்தார். மேல்கூரையை வெட்டியெடுத்து, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்ட கார். முகூர்த்த மாதங்களில் வீட்டில் சம்பங்கி வாசனை போகவே போகாது. காரின் மூக்கிலிருந்த ஆட்டுக்கிடா பொம்மையை யாரோ கழற்றிக்கொண்டு போனதும், உடைந்த குத்துவிளக்கிலிருந்து அன்னத்தை எடுத்து அங்கே பொருத்தினார். பெரம்பலூர் லேத்துப் பட்டறையில் சொல்லி அதன் திருகாணிக்கு எதிர்ப்பக்கமாக மரை போட்டிருந்தார்.

"திருட வர்றவன் எப்பவும் போல இடப்பக்கம் திருகுவான். திருகத் திருக இறுகும். நாம வலப்பக்கம் திருகணும். இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், யார்கிட்டயும் சொல்லிடாத."

அவள் சொன்னதில்லை. அப்பா இறந்தபோது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் தாய்மாமன் அருள்முருகன் வந்து காரை ஓட்டிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, "பேரீச்சம்பழத்துக்குப் போட்ட கதைதான்க்கா. இரும்புக்கடைக்காரன் அவ்வளவுதான் மதிச்சான்" என்றார். அடுத்த வாரம் தேவயானியின் பள்ளிக்கூடம் நின்றது. அம்மா சம்பூர்ணத்தின் பக்கத்தில் இன்னொரு தையல் மிஷின் வந்தது.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் மாமாவிடமிருந்து அரிசி வந்தது. தீபாவளிக்குத் துணி வந்தது. இந்த வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மாமா மகன் ரஞ்சித்குமாருக்கும் அவளுக்கும் ஆவணியில் கல்யாணம். தேவயானி இன்னும் வாய் திறந்து சரி என்று சொல்லவில்லை. பதினோரு வருடம் சோறு போட்டவர் வீட்டுக்கு மாட்டேன் என்று சொல்லவும் நா எழவில்லை.

படத்தின் மூலையில் கேமரா பதித்த தேதி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கார் இரும்புக்கடைக்குப் போய் ஒரு வருடமும் மூன்று மாதமும் கழிந்த தேதி.

"இந்த டிரைவரை மட்டும் தூக்கிடும்மா" என்றாள் உண்ணாமலை. "நடுவுல பூசாரி மாதிரி உக்காந்திருக்காரு. நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கிற மாதிரி வேணும்."

தேவயானி திரையில் டிரைவரைப் பெரிதாக்கினாள். தலையில் துண்டு. யாரையோ அதட்டுகிற மாதிரி பாதி திரும்பிய முகம். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு. மாமாவேதான்.

மாமா ஒருவர் மட்டும் என்றால் அங்கேயே அழுது தீர்த்திருப்பாள். அவருக்குப் பின்னால், பெண்ணும் மாப்பிள்ளையும் சாய்ந்திருந்த சீட்டு உறையைப் பார்த்ததும் அழுகைகூட வரவில்லை. அரக்கு வெல்வெட். ஓரமெல்லாம் தங்கக் குஞ்சம். வலது கோடியில் ஒரு சாண் அளவுக்குக் குஞ்சம் தீர்ந்துபோய் வெள்ளை லேஸ் வைத்துத் தைத்திருந்தது.

அதைத் தைத்தவள் அவள். பள்ளிக்கூடம் நின்ற முதல் மாதம், அவள் உட்கார்ந்து தைத்த முதல் பெரிய துணி. டவுனில் ஒரு டாக்டர் வீட்டு சோபாவுக்கு என்று அம்மா சொல்லியிருந்தாள். லேஸ் வைத்ததற்கு அம்மாவிடம் வாங்கிய குட்டும் இன்னும் நினைவிருந்தது.

"பேரு தெரிஞ்சுதாம்மா?" என்றாள் உண்ணாமலை.

"டாட்ஜ். ரெண்டு பேருமே தோத்துட்டாங்கன்னு சொல்லுங்க."

மாமாவை அழித்த படம் ஒன்று அச்சானது. முதலாளியிடம் கேட்டு, அழிக்காததும் ஒன்று போட்டு எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தேவயானி படத்தை மிஷின் மேல் வைத்தாள். சம்பூர்ணம் பார்த்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"டாக்டர் வூட்டு சோபாம்மா" என்றாள் தேவயானி.

"எங்க கெடைச்சுது?"

"அதுவா இப்ப முக்கியம்?"

"நான் என்னடி பண்ணட்டும்? பொம்பளை கார் வெச்சு ஓட்ட முடியுமா? ஒன் சித்தப்பனுங்க பங்கு கேட்டு வந்து நின்னானுங்க. வித்தாச்சுன்னு சொன்னாத்தான் விடுவானுங்க. ஒங்க மாமன் நான் பார்த்துக்கறேன்னான்."

"சித்தப்பாவுங்ககிட்ட பொய் சொல்லு. என்கிட்ட ஏன் சொன்னே?"

"சின்னப் புள்ள நீ. வாய் தவறிச் சொல்லிட்டீன்னா?"

"பதினோரு வருசமாவா சின்னப் புள்ள?"

சம்பூர்ணம் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். "சும்மா ஒண்ணும் குடுக்கலடி. காரை நீ வெச்சுக்க, ஒன் மவனை என் மவளுக்குக் குடுன்னு கேட்டேன். சூடத்து மேல அடிச்சு சத்தியம் பண்ணினான். இல்லாத வூட்டுப் பொண்ணை யாரு கேட்டு வருவா, சொல்லு."

தேவயானிக்கு அப்போது வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டில் பாதிப் பக்கங்கள் எழுதாமல் கிடந்தன. சவாரி போய் வந்த காசில் ஒரு பங்கு வீட்டுக்கு வந்திருந்தால் அவை நிரம்பியிருக்கும். அதைக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"அந்த அரிசி?" என்று மட்டும்தான் வந்தது.

அம்மா டப்பாவை மூடினாள். அந்தக் கார் சவாரி ஓடிச் சம்பாதித்த அரிசிதான்.

விஷயம் வெளிப்பட்டதை அம்மா போனில் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை மாமா டாட்ஜிலேயே வந்து இறங்கினார். செவ்வந்தி மாலை போட்டு, புதுச் சாயம் அடித்து, பளபளவென்று நின்றது கார். தெருப் பிள்ளைகள் ஓடிவந்து மொய்த்துக்கொண்டார்கள். பின்சீட்டில் அத்தை தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தியா மருமவளே!" என்றார் மாமா. குரலில் கூச்சம் துளியும் இல்லை. "ஒன் கல்யாணத்தன்னிக்குக் காட்டலாம்னு பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். அதுக்குள்ள படம் புடிச்சுக் கெடுத்துட்டாங்க. ஒங்கப்பன் சொத்து, ஒனக்குத்தான் வருது. எங்க போயிடப்போவுது?"

"நல்லா வெச்சிருக்கீங்க மாமா."

"வெச்சுக்காம? எல்லாத்தையும் மாத்திட்டேன், இந்தக் கோழி ஒண்ணுதான் மாத்த முடியல. வெள்ளியில குதிரை வெக்கலாம்னு எத்தனை மெக்கானிக்கைக் கூப்புட்டேன் தெரியுமா? ஒருத்தனாலயும் கழட்ட முடியல. ஒங்கப்பன் வெல்டு வெச்சுத் தொலைச்சிருக்கான்!"

அத்தை சிரித்தாள். வாசற்படியில் நின்ற அம்மா சிரிக்கவில்லை.

தேவயானி காரின் முன்னால் போய் மாலையை ஒதுக்கினாள். அன்னத்தின் கழுத்தைச் சுற்றி ஸ்பேனர் பிடித்துக் கிழித்த தடங்கள் வட்டம் வட்டமாக இருந்தன. முந்தானையைச் சுற்றிப் பிடித்து வலப்பக்கம் திருகினாள். முதலில் அசையவில்லை. உள்ளங்கை எரிந்தது. இன்னும் ஒரு தடவை அழுத்தித் திருகியதும் முனகிக்கொண்டு நகர்ந்தது. ஏழெட்டுச் சுற்றில் கைக்கு வந்துவிட்டது.

மாமாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"கார் ஒங்களுக்குத்தானே பேசினது, ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றாள் தேவயானி. "எனக்குப் பூ வெக்க வேணாம்."

"அக்கா, என்னக்கா இது?" என்று மாமா வாசலைப் பார்த்துக் கத்தினார்.

சம்பூர்ணம் நிலைப்படியில் அகலமாக நின்றிருந்தாள். தேவயானி அன்னத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "வழி விடுங்க" என்றாள். பெற்ற தாயிடம் அவள் அப்படி வேற்று ஆள் மாதிரி பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா ஒதுங்கிக்கொண்டாள்.