பலகை பார்க்காத அறை

டீச்சர் வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்த மாத்திரத்திலேயே பெயின்டருக்குப் பிடிக்கவில்லை. இதில் மாப்பிள்ளையின் குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. பெயின்டருக்குப் பொதுவாக யாரையுமே பிடிப்பதில்லை. இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சுவரை அடித்து அடித்து, சுவருக்குள் குடியிருக்கிறவர்களின் லட்சணம் அவருக்கு அத்துப்படி. பீரோவுக்குப் பின்னால் அடிக்க வேண்டாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். விருந்தாளி உட்காரும் ஹாலுக்கு உசத்தியான பெயின்டும் பெற்ற அம்மா படுக்கிற அறைக்கு டப்பாவின் அடியில் மிஞ்சியதும் போதும் என்பவர்களைப் பார்த்திருக்கிறார். ஆனாலும் இந்த மாப்பிள்ளை தனி ரகம்.

டீச்சருடைய தங்கையின் புருஷன் அவர். குளியலறைக் குழாய் விற்கிற கடையில் வேலை. ஒரு வருஷமாக ‘டிசைனர்’ என்று கார்டு அடித்து வைத்துக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டுச் சுவரிலெல்லாம் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார். கடைக்குட்டியைக் கட்டியவர் என்பதால் கூடப்பிறந்த மூன்று பேர் வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். மாப்பிள்ளை சொல்கிறார் என்றால் மறுபேச்சுக் கிடையாது. டீச்சர் நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிறவள், மாப்பிள்ளை முன்னால் மட்டும் தலையாட்டிப் பொம்மை ஆகிவிடுவாள்.

டீச்சர் வீட்டில் பெயின்டர் அடிக்க வந்த அறையோ சமையலறையை ஒட்டிய ஒரு பொந்து. பத்தடிக்கு எட்டடி. ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் பூசாத சிமென்ட் சுவர். நடுப்பகலிலேயே செருப்பைத் தேட விளக்குப் போட வேண்டும். அதற்குள் நின்றுகொண்டுதான் மாப்பிள்ளை, இங்கே ஒரு கடற்கரையைக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். கையை விரித்துச் சொல்லப் பார்த்தார். அலமாரியில் இடித்துக்கொண்டார்.

போனில் ஒரு படம் காட்டினார். பளீர் வெள்ளைச் சுவர், இடுப்பு உயரத்தில் நீலப் பட்டை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி, சுவரில் கப்பல் சக்கரம் மாதிரி ஒரு கடிகாரம். பெயின்டர் படத்தை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். படத்திலிருந்த அறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நிஜக் கடலே கிடந்தது. அத்தனை வெளிச்சமும் அங்கிருந்து வருகிறது என்பது மாப்பிள்ளையின் மண்டையில் ஏறவில்லை.

“எங்க அண்ணனுக்குக் கடல்னா உயிரு. அதுக்காகத்தான்…” என்று டீச்சர் ஆரம்பித்தாள். மாப்பிள்ளை குறுக்கே விழுந்து கதவுக்கு என்ன கைப்பிடி என்று பேசப் போய்விட்டார். வெளிநாட்டிலிருந்து செண்டு மணக்கப் பெட்டியோடு வந்து இறங்கப்போகிற ஏதோ ஒரு பணக்கார அண்ணனுக்கு ஐஸ் வைக்கிறார்கள் என்று பெயின்டர் தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார்.

பெயின்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. நிறத்தைக் கடையில் வைத்து முடிவு செய்யமாட்டார். முழ நீளத்தில் மூன்று பலகைகளில் மூன்று நிறம் அடித்துக் காயவைத்து, அடிக்கப்போகிற அறையிலேயே சாய்த்து வைப்பார். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் பார்த்த பிறகுதான் டப்பா வாங்குவது. அவரோடு வேலை செய்கிறவர்கள் இதைப் பலகை பார்ப்பது என்பார்கள். ஒரு நாள் வீண் என்று முணுமுணுத்த வீட்டுக்காரர்களிடம், அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அந்த வீட்டிலும் வாயைத் திறக்கத்தான் செய்தார். “தம்பி, வெளிச்சம் வராத ரூம்ல வெள்ளை அடிச்சா சாம்பலாத்தான் தெரியும். மணல் கலர் மாதிரி சூடா ஏதாவது போகணும். மூணு பலகை வச்சு ஒரு நாள் பாத்துருவோம்.”

“கலர நான் பாத்துக்கறேன். நீங்க அடிக்கறத மட்டும் பாருங்கண்ணே” என்றார் மாப்பிள்ளை, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பெயின்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதற்கில்லை என்பது அவர் மனைவிக்குத் தெரியும். அவள் அங்கே இல்லை. சொன்னதைச் சொன்னபடியே அடித்துக் கொடுப்பது, ஒரு நூல் கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம், வருகிற சொந்தக்காரர்கள் முன்னால் இவன் மூக்கு உடையட்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தார். பலகைகள் வண்டியிலேயே கிடந்தன.

நான்கு நாள் வேலை. பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, ஜன்மத்தில் யாருக்கும் அடிக்காத சுத்தமாக அடித்தார். குறை சொல்ல ஒரு இடம் வைக்கக்கூடாது, தப்பு முழுக்க மாப்பிள்ளையின் தலையில்தான் விடியவேண்டும் என்கிற வைராக்கியம். அடிக்க அடிக்கச் சுவர் சாம்பல் பூத்துக்கொண்டே வந்தது. நீலப் பட்டை ஏறியதும் ஆஸ்பத்திரி நடைவழி கண்ணெதிரே நின்றது. பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு குளிர்ந்தது. மூன்றாம் நாள் டீச்சர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணனைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யார் வந்தால் எனக்கென்ன மேடம் என்று சொல்லி ரேடியோவைக் கூட்டி வைத்தார். அவள் காலி டம்ளருக்காகக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் மனைவிக்கு மாப்பிள்ளையைப் போலவே நடந்து காட்டினார், கையை விரித்து இடித்துக்கொள்வது உட்பட. அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அந்த ரூமில் யார் படுக்கப் போகிறார்கள் என்று கேட்டாள். எவனோ, என்றார்.

ஐந்தாம் நாள் காலை. அவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து சேர்ந்தார். பெட்டியுமில்லை, செண்டுமில்லை. சக்கர நாற்காலியில், ஒரு பக்கம் சாய்ந்து, வலது கை மடியில் செத்துக் கிடக்க வந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் ஆளேற்றிப் படகு ஓட்டிய மனிதர். பக்கவாதம் அடித்து ஐந்து மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இனி எழுந்து நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்தப் பத்தடிக்கு எட்டடிதான் அவருக்கு உலகம். பெயின்டர் தூரிகைகளைக் குழாயடியிலேயே போட்டுவிட்டு நாற்காலிக்குப் பின்னாலேயே அறை வரைக்கும் போனார்.

மாப்பிள்ளை போனைப் படமெடுக்கப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். அண்ணன் உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, குழறுகிற நாக்கால் கேட்டார்:

“ஏம்மா, திரும்ப ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வந்துட்டியா?”

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே பயந்துவிட்டார். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அதுவும் எத்தனை நேரம்? இரண்டு நாளில் கண் பழகிவிடும் மச்சான் என்றார். நீல பல்பு போடலாம் என்றார். கடைசியில், பெயின்டர் சரியாக அடிக்கவில்லை என்றார். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பெயின்டர் நான்கு நாளாக நாக்கைத் தீட்டி வைத்திருந்தார். வாயைத் திறந்தார். பிறகு நாற்காலியைப் பார்த்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் நாற்காலியைச் சுவரோரம் தள்ளச் சொல்லி, இடது கையால் சுவரைத் தடவிப் பார்த்தார்.

“அடிச்சதுல குறை இல்ல. வேலை தெரிஞ்ச கை. இப்படி ஆகும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றார் பெயின்டர்.

“சொல்லலியா?”

“ஒரு தடவை சொன்னேன்.”

“ஒரு தடவை.” அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டார். “மாப்பிள்ளைக்குத் தெரியாது, செஞ்சுட்டாரு. நீ தெரிஞ்சே செஞ்சிருக்க. என் படகுல இருந்திருந்தா உன்னத்தான் முதல்ல எறக்கி விட்டிருப்பேன்.”

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பெயின்டர் தம்மைத் தாமே காறித் துப்பிக்கொண்டார். இருபத்தாறு வருஷமாக ஊரையெல்லாம் எடை போட்டவருக்குத் தம்முடைய எடை என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பீரோவுக்குப் பின்னால் அடிக்காதே என்றவனாவது மறைந்து கிடக்கிற சுவரைத்தான் ஏமாற்றினான்.

மறுநாள் விடிந்ததும் மூன்று பலகைகளோடு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. அண்ணனின் நாற்காலியை அறை வாசற்படியில் நிறுத்தி, காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் அவரோடு உட்கார்ந்து பலகை பார்த்தார். அண்ணன் மூன்றாவது பலகையைக் காட்டி, தண்ணீர் வடிந்து காயத் தொடங்கிய மணல் இப்படித்தான் இருக்கும் என்றார். அந்த நிறத்தையே அறை முழுக்க அடித்ததோடு பெயின்டர் விடவில்லை. பக்கத்துக் கட்டடக்காரரிடம் போய், ஜன்னலுக்கு எதிரே இருக்கிற அந்த அழுக்குச் சுவரை நானே அடித்துத் தருகிறேன் என்று கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. சுவரில் வெளிர் மஞ்சள் ஏறிய பிறகு, பத்து மணிக்கு, மேலேயிருந்து சரிகிற வெயில் அதில் பட்டு அறைக்குள் திரும்பியது. அரைமணி நேரம்தான். ஆனால் கட்டில் வரைக்கும் வந்தது.

அண்ணனைக் கட்டிலில் படுக்கவைத்த அன்று மாப்பிள்ளை வந்தார். நாலு பக்கமும் நின்று படமெடுத்தார். தாம் மனசில் நினைத்தது இதேதான் என்றார். பிறகு அந்தச் சக்கரக் கடிகாரத்தையும் ஒரு ஆணியையும் எடுத்துக்கொண்டு கட்டிலின் தலைமாட்டுக்குப் போனார்.

“வேண்டாம் தம்பி, இந்தப் பூச்சுல ஆணி நிக்காது” என்றார் பெயின்டர்.

அடிக்கிற வேலையைப் பார்க்கும்படி மாப்பிள்ளை மறுபடியும் சொன்னார்.

“வேண்டாம். உள்ள ஈரம் ஓடியிருக்கு. நானே சுரண்டிப் பார்த்தேன்.”

மாப்பிள்ளை சுத்தியலை ஓங்கினார். பெயின்டர் கட்டிலைச் சுற்றி வந்து, ஆணியைப் பிடித்திருந்த கையின் மேல் தம் கையை வைத்தார்.

“மூணாவது தடவையா சொல்றேன். கீழ இவரு தலை இருக்கு.”

மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே கடிகாரத்தை ஹாலுக்கு எடுத்துப் போனார். அவரைப் பெயின்டருக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

அண்ணன் இடது கையால் கட்டிலின் ஓரத்தைத் தட்டினார்.

“சரி, படகுல ஏறிக்க” என்றார்.