குரங்குப்பாறை நிறுத்துமிடத்தில் தூக்கப் பற்றாக்குறை

குரங்குப்பாறைக் கணவாயில் இறங்குவதற்கு முன்னால் ஒரு லாரி நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே தூக்கம் தரையிலிருந்து ஊறுகிறது. டயர் வழியாக ஏறி, அச்சில் படர்ந்து, கேபினுக்குள் புகுந்து, முதலில் டிரைவரின் கால் கட்டைவிரலைத் தொடும். வண்டியை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கண் சொருகிவிடும். மழைக்காலத்தில் தூக்கம் மேலாகவே நிற்கும். சித்திரை வெயிலில் ஆழத்துக்குப் போய்விடும், கொஞ்சம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் வேறு இடங்களிலும் தூக்கம் கிடைக்காமல் இல்லை. ஆனால் அது இமையோடு நின்றுவிடும், உடம்புக்குள் இறங்காது. கணவாய் இறங்குகிறவனுக்கு அது போதாது.

லாரிக்காரர்கள் இந்தத் தூக்கத்தை யாரும் சொல்லித்தராமலே முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். இறக்கத்துக்குப் போகிற வண்டிக்குத்தான் முதலிடம். ஏறி வந்த வண்டி அப்புறம்தான். யாரும் அடிவரைக்கும் தூங்கித் தீர்க்கக் கூடாது. ஒரு கொட்டாவி மிச்சம் இருக்கும்போதே எழுந்துவிட வேண்டும், அந்த மிச்சத்திலிருந்துதான் அடுத்தவனுக்கு ஊறும். கொட்டாவி விட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்புகிறவனைப் பார்த்தால் விவரம் தெரியாதவர்கள் சோம்பேறி என்பார்கள். உண்மையில் அங்கே மரியாதை தெரிந்தவன் அவன்தான்.

செங்கோடன் நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்கு முட்டை லோடு ஏற்றிப் போகிறவன். குரங்குப்பாறையில் தூங்காமல் அவன் கணவாய் இறங்குவதில்லை. அவனுடைய சகலை பெரியண்ணன் ஒருமுறை நிறுத்துமிடத்தில் இடமில்லை என்று தூங்காமலே இறங்கினான். கடைசி வளைவில் சாலை திரும்பியது, பெரியண்ணன் திரும்பவில்லை. அன்றிலிருந்து செங்கோடனுக்கு அந்த வளைவுகள் என்றாலே ஆகாது. அதை மறைக்கவும் மாட்டான். எனக்குப் பயம் என்று யார் கேட்டாலும் சொல்வான்.

சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் அவன் குரங்குப்பாறைக்கு வந்தபோது அங்கே ஒரு கேரவன் நின்றிருந்தது. சினிமாக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. வாசலில் 'நல்வரவு' என்று எழுதிய மிதியடி, இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு துளசிச் செடி. அரசாங்கமும் புதிதாகப் பலகை வைத்திருந்தது: 'லாரிகளும் சுற்றுலா ஊர்திகளும் அன்புடன் பகிர்ந்துகொள்ளும் இடம்.' பலகையில் ஒரு லாரியும் ஒரு கேரவனும் கை குலுக்கிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் கை வரைந்தவன் நல்ல கைக்காரன்.

செங்கோடன் வண்டியை நிறுத்தினான். ஒரு டீ குடித்தான். கட்டைவிரலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு டீ குடித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தான். பொழுது சாயும்வரை கட்டைவிரல் கட்டைவிரலாகவே இருந்தது.

தூக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. மெத்தை இருக்கிற பக்கமாக ஓடும். லாரிகள் மட்டும் நின்ற காலத்தில் எல்லா கேபினிலும் ஒரே மாதிரி பலகைதான் என்பதால் தூக்கம் பேதம் பார்க்காமல் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது கேரவனுக்குள் ஒரு முழ உயரத்துக்கு மெத்தை போட்டிருந்தார்கள்.

அவன் போய்க் கேரவன் கதவைத் தட்டினான். பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். பெயர் அம்புஜவல்லி. உள்ளே அவருடைய கணவர் சதானந்தம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"இப்பதான் அசந்தார். ரொம்ப வருஷம் கழிச்சுத் தூங்குறார். தயவுசெஞ்சு எழுப்பாதீங்க" என்றார் அம்புஜவல்லி.

"எழுப்பலைங்கம்மா. கொஞ்சம் மெதுவாத் தூங்கச் சொல்லுங்க, அது போதும்" என்றான் செங்கோடன்.

சதானந்தத்தைக் குற்றம் சொல்ல முடியாது. சென்னையில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் ஆளாளுக்கு போர் போட்டுத் தூக்கத்தை உறிஞ்சியதில், தூக்கம் கீழே கீழே போய், கடைசியில் உப்புத் தூக்கம்தான் வந்தது. தூங்கி எழுந்தால் நாக்கு கரிக்கும். அப்புறம் டேங்கர் தூக்கம் வாங்கிப் பார்த்தார்கள். அதில் யார் யாருடைய கனவோ மிதந்தது. பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர், ஓய்வு எங்கே என்று தேடித் தேடி, வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். ஒரு நாளைக்கு என்று வந்தவர்கள். துளசி புதுத் தளிர் விட்டுவிட்டது.

செங்கோடன் முறையிட்டான். மறுநாள் காலையில் ஓய்விட அலுவலர் தமயந்தி ஜீப்பில் வந்தார். எதையும் பாதியாகப் பிரித்தால் நியாயம் வந்துவிடும் என்று நம்புகிறவர். நிறுத்துமிடத்தின் நடுவே மஞ்சள் கோடு போடச் சொன்னார். இந்தப் பக்கத் தூக்கம் லாரிக்கு, அந்தப் பக்கத் தூக்கம் கேரவனுக்கு. தூக்கத்துக்கு மஞ்சள் கோடு தெரியவில்லை. அது பாட்டுக்குக் கோட்டுக்கு அடியில் புகுந்து மெத்தைக்குப் போனது.

"மேடம், இந்தப் பக்கம் சொட்டுக்கூட ஏறலீங்க" என்றான் செங்கோடன்.

"நானே நேர்ல சோதிச்சுப் பார்த்துடறேன்" என்றார் தமயந்தி.

முதலில் கேரவனுக்குள் போய் மெத்தையில் படுத்தார். வெயில் உச்சிக்கு வந்தபிறகு ஜீப் டிரைவர் வந்து எழுப்ப வேண்டியிருந்தது. முகம் கழுவிக்கொண்டு, அம்புஜவல்லி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, லாரி கேபினில் ஏறிச் சிறிது நேரம் உட்கார்ந்தார். ஒரு கொட்டாவிகூட வரவில்லை. இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னார்.

"கேரவன் பக்கம் தூக்கம் முறையாப் பயன்பாட்டுல இருக்கு. லாரி பக்கம் யாரும் தொடாம அப்படியே இருக்கு. மேல வரலைன்னா கீழ பத்திரமா இருக்குன்னுதானே அர்த்தம்? உங்களுக்குக் குறையே இல்லை."

செங்கோடன் தலையைச் சொறிந்தான். அந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று தேடுவதற்கும் ஒரு தூக்கம் தூங்கியிருக்க வேண்டும். முட்டைக்காரர் பெங்களூரிலிருந்து போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் தார்ப்பாய் சுட்டது. நடு அடுக்கில் ஒரு முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் கேட்டது. செங்கோடன் தார்ப்பாயைத் தட்டி, "இரு சாமி, போயிடலாம்" என்றான். சத்தம் அடங்கியது.

அப்போதுதான் சதானந்தம் மனம் இளகினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்று முன்பே சொன்னேன். நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு மனம் எளிதில் இளகும்.

"டிரைவர், உங்களைப் பார்க்கவே பாவமா இருக்கு. ஒண்ணு செய்யலாம். இன்னைக்கு மத்தியானம் நான் உங்களுக்காகவும் சேர்த்துத் தூங்கிடறேன்."

"எனக்காகங்களா?"

"ஆமா. தூக்கம் எப்படியும் என் மெத்தைக்குத்தான் வருது. அதை உங்க பேர்ல தூங்கிட்டாப் போச்சு. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

தமயந்திக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. பகிர்ந்துகொள்வது என்றால் இதுதான் என்றார். துறையில் மற்ற நிறுத்துமிடங்களுக்கும் இதையே பரிந்துரைக்கப்போவதாகச் சொன்னார். சதானந்தம் எதிலும் ஒழுங்கு பார்க்கிறவர். ஆகையால் படுப்பதற்கு முன்னால் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?"

"வலது பக்கமுங்க. கையைத் தலைக்கு வெச்சுக்குவனுங்க."

"குறட்டை?"

"உண்டுங்க. நடுவுல ஒருக்கா எந்திரிச்சு டயரைத் தட்டிப் பாத்துட்டுப் படுப்பனுங்க."

சதானந்தம் கையைத் தலைக்கு வைத்து வலது பக்கமாகப் படுத்தார். செங்கோடன் கேரவனுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு தன்னுடைய குறட்டையைக் கேட்டான். அவனுடையதேதான், கடைசியில் ஒரு விசில் வரும். நடுவில் சதானந்தம் எழுந்து வெளியே வந்து, லாரி டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, அவனைக் கண்டுகொள்ளாமல் மறுபடியும் போய்ப் படுத்தார். செங்கோடனுக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு நல்ல தூக்கம், அதுவும் தன்னுடையது, கண்ணெதிரில் இன்னொருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுந்ததும் சதானந்தம் சோம்பல் முறித்துக்கொண்டு வந்து அவன் தோளைத் தட்டினார்.

"பிரமாதமாத் தூங்கினீங்க டிரைவர். அடிச்சுப் போட்ட மாதிரி. எனக்கே இப்ப தலையெல்லாம் தெளிஞ்சு கிடக்கு. இனி நாலு நாளைக்குக் கண்ணை மூடச் சொன்னாலும் மூடாது."

"எனக்கு இன்னும் கண்ணு எரியுதுங்களே."

"எரியும், எரியும். தூங்கி எழுந்தா முதல்ல அப்படித்தான் இருக்கும்."

தமயந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தூங்கி முடிச்ச வண்டி இடத்தைக் காலி பண்ணணும். பின்னால வண்டிங்க காத்துக்கிட்டு இருக்கு பாருங்க."

உண்மைதான். பின்னால் ஒரு சிமெண்ட் லாரி, அதற்குப் பின்னால் மாடு ஏற்றிய லாரி. தூங்கிவிட்ட ஒருவன் தூங்க இடம் கேட்டு மல்லுக்கு நிற்க முடியாது. சதானந்தம் தன் போன் நம்பரை அவன் போனில் தானே பதிந்து கொடுத்து, ஏதாவது என்றால் தயங்காமல் கூப்பிடச் சொன்னார். அம்புஜவல்லி ஒரு பொட்டலத்தில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தார். செங்கோடன் வண்டியைக் கிளப்பினான்.

கணவாயின் உச்சியில், இறக்கம் தொடங்குகிற இடத்தில், அவனால் மேற்கொண்டு போக முடியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினான். கீழே சாலை வளைந்து வளைந்து போவது தெரிந்தது. இமைகள் ஒவ்வொன்றும் ஒரு மூட்டை கனத்தன. சகலையின் நினைவு வந்தது. அவனுக்கும் இப்படித்தான் கனத்திருக்கும் என்று தோன்றியதும் செங்கோடனுக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதான். அப்போதும் தூக்கம் வரவில்லை. அங்கே தரை வெறும் பாறை.

அழுது முடித்ததும் ஒன்று தோன்றியது. போனை எடுத்துச் சதானந்தத்தைக் கூப்பிட்டான்.

"ஐயா, முழிச்சிட்டு இருக்கீங்களா?"

"முழு முழிப்பு டிரைவர். ஈ பறந்தாக்கூட ரெக்கை தெரியுது."

"அது என் முழிப்புங்க. நீங்க தூங்கினது என் தூக்கம்னா, அதுல வந்த முழிப்பும் என்னுதுதானுங்களே?"

மறுமுனையில் சதானந்தம் யோசித்தார். அவர் ஒழுங்கு பார்க்கிறவர். "நியாயம்தான்" என்றார்.

"அப்ப எனக்காகக் கொஞ்சம் முழிச்சிருங்க. நான் கணவாய் இறங்கோணும்."

பக்கத்தில் தமயந்தி இருந்திருக்க வேண்டும். விதியில் அதற்குத் தடை எதுவும் இல்லை என்று அவர் சொல்வது போனில் கேட்டது. செங்கோடன் போனை டேஷ்போர்டில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். கியரை மாற்றி, வண்டியை இறக்கத்தில் விட்டான். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"அம்புஜம், கையில ஏதாவது குடு. வட்டமா ஏதாவது குடு, சீக்கிரம்!"

"சாப்பாட்டுத் தட்டு போதுமாங்க?"

"போதும், போதும். வளைவு வருது, பேசாதே."

ஸ்டியரிங் இடது பக்கம் திரும்பியது. லாரி வளைந்தது. கேரவனுக்குள் நாற்காலி கிறீச்சிடுவதும், சதானந்தம் "பிரேக் எங்கே, பிரேக் எங்கே?" என்று காலால் துழாவுவதும், அம்புஜவல்லி பூண்டுக் கூடையைக் காலடியில் நகர்த்தி வைப்பதும் செங்கோடனுக்குத் தூரத்தில் கேட்டன. பிரேக் சீராகப் பிடித்தது. எங்கிருந்தோ வந்து தூக்கம் கட்டைவிரலைத் தொட்டது. முழங்கால்வரை ஏறியது. முட்டைகள் ஒன்றோடொன்று முட்டாமல் இறங்கிக்கொண்டிருந்தன.

"என்னங்க, இந்த வண்டி எதுவரைக்கும்?"

"பெங்களூர் வரைக்கும். எதிர்ல பஸ் வருது, இரு."

ஹாரன் அடித்தது. கடைசி வளைவில் சாலை திரும்பியது, லாரியும் திரும்பியது. செங்கோடன் வாயைத் திறந்து, கடைசியில் விசில் வரும்படி ஒரு குறட்டை விட்டான்.

போனில் கேரவன் கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது. சிமெண்ட் லாரி டிரைவர் கும்பிட்டுக்கொண்டு நிற்பதாகவும், அவருக்கும் இறங்க வேண்டியிருப்பதாகவும் தமயந்தி சொன்னார்.

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க, கையைக் கழுவிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அம்புஜவல்லி அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தார்.