ஏறும் பயிற்சி

வீரையாவின் பெட்டியை ஆறு பேர் தூக்கிக்கொண்டு வாசற்படியில் இறங்கியபோது, பாக்கியலட்சுமி கதவருகில் நின்று, "மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல," என்றாள். சொன்ன பிறகுதான் குழப்பமாக இருந்தது. அவசரம் இல்லாமல் அவர் அந்தப் படியில் கால் வைத்து இரண்டு மாதமாகிறது. இரண்டு மாதமாக அது படியே இல்லை, ரயில்.

ஐரோப்பாவில் ஐந்து நாடு, ஒரே ரயில் பாஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீரையாவைப் பிடித்த பைத்தியம் அது. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தால் தட்டு வைக்க இடமிருக்காது. பாஸ் போனில் தூங்குகிறது, முதல் ரயிலில் ஏறும் அன்றுதான் அதற்கு உயிர் வரும் என்பார். பாக்கியலட்சுமிக்கு ஒரே ஒரு பயம். வண்டி மாற சில நிமிடம்தான் கிடைக்குமாம். அவர் ஏறி, அவள் ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டால்? பாஷை தெரியாத ஊரில் தன்னந்தனியாக அவள் என்ன செய்வாள்?

அதற்காகத்தான் பயிற்சி. சாயங்காலமானால் வெள்ளைக்காரர்கள் நிறைந்த ஹில்ஸ்பரோ தெருவே வேடிக்கை பார்க்க, அவர் குடுகுடுவென்று படியேறுவார். அவள் கீழிருந்து, பயணத்துக்கென்று வாங்கிய நீலப் பையைத் தூக்கிக் கொடுப்பாள். பிறகு கையை நீட்டுவாள். அவர் இழுத்துக்கொள்வார்.

"நான் ஏறலன்னா?"

"நீ ஏறலன்னா நான் எறங்கிடுவேன். ட்ரெயின் போனா போவுது லா."

செவ்வாய்க்கிழமை குளியலறையில் விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று காலை மகள் அபிதா கேட்டாள். "அம்மா, அந்த ரயில் பாஸ்... அப்பாவோடத மட்டும் கேன்சல் பண்ணவா, ரெண்டையுமா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாக்கியலட்சுமி நெடுநேரம் யோசித்தாள். எதை யோசிக்கிறோம் என்பதே பாதியில் மறந்துபோனது.

"அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

பெட்டி வண்டிக்குள் போனது. ஊரிலிருந்து, ஈப்போவிலிருந்து, விமானம் ஏறி வந்திருந்த கொழுந்தன் பழனிசாமி கையை உயர்த்தினார். "பொம்பளைங்க இதோட நின்னுக்குங்க. அண்ணி, நீங்க உள்ள போங்க. நம்ம வழக்கம் அதானே."

தலையாட்டினாள். வழக்கம்தான். மாமனார் போனபோதும் அவள் கேட்டோடு நின்றவள்தான். உள்ளே போகத் திரும்பினாள்.

பின்னால் வண்டியின் கதவு மூடிய சத்தம் கேட்டது.

வந்தது துக்கம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பயம், அதே பழைய பயம். அவர் ஏறிவிட்டார், அவள் ஏறவில்லை. அவர் இறங்கவும் இல்லை. வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்த நீலப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"அண்ணி, பை எதுக்கு?"

அவளுக்கும் தெரியவில்லை. "அவரு ஏறிட்டாரு தம்பி," என்றாள்.

பழனிசாமி அபிதாவைப் பார்த்தார். அபிதா அழுதுகொண்டே வழிவிட்டாள். அவரும் நகர்ந்துகொண்டார்.

வண்டி ஓட்ட வந்தவள் கறுப்பு சூட் போட்ட வெள்ளைக்காரப் பெண். இருக்கையில் உட்கார்ந்திருந்தவள், ஒன்றும் கேட்காமல் எட்டி இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

பாக்கியலட்சுமி முதலில் பையைத் தூக்கிக் கொடுத்தாள். அந்தப் பெண் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு பாக்கியலட்சுமி கையை நீட்டினாள்.